சனிக்கிழமை மதியக் கட்டம்

ஒரு காலண்டரோடு குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். சுவரில் தொங்குகிற காலண்டர் என்றால் தொல்லையில்லை, தாளைக் கிழித்தால் பேசாமல் இருக்கும். அவள் கட்டிக்கொண்டது பேசுகிற காலண்டர். கல்லூரியில் கரிம வேதியியல் பாடத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். எதிரில் சார், முதுகைத் திருப்பினால் காலண்டர். அந்தப் பட்டப்பெயரை வைத்த மாணவன் எப்போதோ படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டான். பெயர் போகவில்லை. இப்போதெல்லாம் முதல்வரே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

அவர் பாடம் நடத்துவதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை, சொல்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இருந்ததில்லை. பழுப்பேறிய குறிப்புகளைப் பார்த்துப் படிப்பார், பையன்கள் எழுதிக்கொள்வார்கள், இரண்டு தரப்புக்கும் நிம்மதி. அவருடைய உயிரெல்லாம் அட்டவணையில்தான் இருந்தது. செமஸ்டர் விடுமுறை வந்துவிட்டால் போதும், பெரிய சார்ட் காகிதம் ஒன்றை வாங்கி வந்து சாப்பாட்டு மேசைமேல் விரித்துவிடுவார். ஆய்வக வகுப்புக்குப் பச்சை, தேர்வுக்குச் சிவப்பு, வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டிய நேரத்துக்கு ஊதா. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு கட்டமாக நிரப்புவார். அந்த நாட்களில் மேசைப் பக்கம் யாரும் தண்ணீர் டம்ளரோடு போகக் கூடாது. மனைவியும் மகளும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு, அவள் தனியாகச் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். விடுமுறை முடிந்தால் அந்தச் சார்ட் கல்லூரிச் சுவருக்குப் போகும். அதன் பிரதி ஒன்று மேசையிலேயே கிடக்கும், திருத்தம் பார்ப்பதற்காம். என்ன திருத்தமோ! பிறந்ததிலிருந்து அந்த மனிதர் எதையாவது திருத்தியிருக்கிறாரா?

காலிக் கட்டம் என்றால் அவருக்கு ஆகாது. திங்கட்கிழமை காலை பரிசோதனை என்றால் அன்று மாலை அதன் அறிக்கை. மறுநாள் சிறுதேர்வு. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டுப்பாடம் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அந்தப் பெட்டி அவர் அறை வாசலில் தொங்கும், எட்டு அடித்ததும் அவரே வந்து பூட்டுவார். காய்ச்சல், பஸ் வரவில்லை, அப்பாவுக்கு ஆபரேஷன் என்று எதைக் கொண்டுவந்தாலும் ஒரே பதில்தான்.

"அட்டவணையில இருக்கா? இல்லல்ல? அப்போ கிளம்பு."

இதைச் சொல்லும்போது அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும். வீட்டுக்கு வந்து, அன்று யார் யாரை எப்படியெல்லாம் திருப்பி அனுப்பினார் என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார். அவளும் "உம்" கொட்டுவாள். வேறு என்ன செய்வது, கதவருகே நிற்கிற மனிதரைத் தள்ளிவிட்டு வெளியே போகவா முடியும்?

ஆனால் அந்த அட்டவணையில் ஒரு கட்டம் மட்டும் எப்போதும் வெள்ளையாக இருக்கும். சனிக்கிழமை மதியம். முதல்வர் ஒருமுறை கேட்டதற்கு, "அவசரத் தேவைக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கேன் சார்" என்றாராம். முதல்வரும் ஆகா என்று தலையாட்டினாராம். அந்த அவசரத் தேவை என்னவென்று அவளுக்குத்தான் தெரியும். சனிக்கிழமை மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடி, அழைப்பு மணியின் இணைப்பையும் பிடுங்கிவிட்டு, வாயைத் திறந்துகொண்டு பொழுது சாய்கிற வரைக்கும் அவர் போடுகிற தூக்கம்தான் அது.

அவளும் அதே கல்லூரியில் அதே படிப்பைப் படித்தவள்தான். கடைசி வருஷத்தில் கல்யாணம், கையோடு வயிற்றில் பிள்ளை. கரிம வேதியியல் செய்முறைத் தேர்வு நடந்த அன்று அவள் பிரசவ அறையில் கிடந்தாள். அப்போது அட்டவணை போட்டவர் வேறொரு பெரியவர், காலண்டர் அவருக்குக் கீழே புதிதாகச் சேர்ந்தவர். ஒரு வாரம் தள்ளிப்போடக் கேளுங்கள் என்று அவள் முன்கூட்டியே கெஞ்சியிருந்தாள். "கேட்டுப் பார்க்கறேன்" என்றார். கேட்கவே இல்லை என்பது, அந்தப் பெரியவருடைய ஓய்வு விழாவில் பெரியவர் வாயாலேயே அவளுக்குத் தெரியவந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனேம்மா" என்று அந்த மனிதர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பக்கத்தில் நின்ற காலண்டர் கேக்கைத் தின்றுகொண்டிருந்தார்.

பிள்ளை, குடும்பம் என்று ஆனதில் அந்த ஒரே ஒரு செய்முறைப் பாடம் அவளுக்கு அரியராகவே நின்றுபோனது. பட்டம் இல்லாததால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக வேலை. குடுவை கழுவுவது, அமிலத்தை அளந்து வைப்பது, வகுப்பெடுக்க வருகிற சின்னப் பெண்கள் தப்பாகச் சொல்லிக்கொடுப்பதை வாய் திறக்காமல் கேட்பது. இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பு விட்டது. பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்கு இந்த செமஸ்டரோடு கடைசி வாய்ப்பு. வாரம் ஒரு ஆய்வக வகுப்பு, வீட்டுப்பாடம், முடிவில் செய்முறைத் தேர்வு. இதில் போனால் போனதுதான். பள்ளித் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார்.

"சர்டிஃபிகேட்டைக் கொண்டாங்க, அடுத்த வருஷம் நீங்கதான் கெமிஸ்ட்ரி டீச்சர். இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுத்துடுவேன், அப்புறம் என்கிட்ட வருத்தப்படாதீங்க."

அவள் பணம் கட்டிப் பதிவு செய்தாள். காலண்டர் அரியர்காரர்களின் வகுப்பைப் புதன்கிழமை காலையில் தூக்கிப் போட்டிருந்தார். அது பள்ளி நாள். மேசைமேல் குனிந்துகொண்டிருந்தவரிடம் அவள் போய் நின்றாள்.

"ஏங்க, அரியர் பேட்ச்ல பாதிப் பேர் வேலைக்குப் போறவங்க. சனிக்கிழமை மத்தியானம் காலியாத்தானே இருக்கு? அங்க போடக் கூடாதா?"

"அது அவசரத்துக்கு."

"என்ன அவசரம்னு எனக்குத் தெரியாதா?"

"இங்க பாரு, ஒருத்திக்காக மாத்தினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். அரியர் வெச்சவங்க வசதிக்கெல்லாம் காலேஜ் நடத்த முடியாது. ஒழுங்கா அப்பவே எழுதியிருக்கணும்."

அப்பவே எழுதியிருக்கணுமாம்! கையில் இருந்த துடைப்பத்தை என்ன செய்வது என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு அதை மூலையில் சாத்திவிட்டுப் போய்விட்டாள். தலைமையாசிரியையிடம் பேசி, புதன்கிழமை காலை வராததற்குப் பதிலாகச் சனிக்கிழமை முழுக்கப் பள்ளியின் சாமான் அறையைச் சுத்தம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டாள்.

அந்த வாரமே காலண்டர் ஆசிரியர் அறையில் தம்பட்டம் அடித்துவிட்டார். அரியர் வகுப்பை நடத்துகிற சின்ன மேடம், வேலைக்குப் புதிதாக வந்த பெண், ஆய்வகத்தில் அவளிடமே கேட்டாள்.

"சார் உங்களுக்காகக்கூட டைம்டேபிளை மாத்தலையாமே மேடம்? பொண்டாட்டின்னு பார்க்க மாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு."

"பொண்டாட்டின்னு அவர் எப்பத்தான் பார்த்திருக்காரு" என்றாள் அவள், பியூரெட் குழாயைக் கழுவிக்கொண்டே. அந்தப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

புதன்கிழமைக் காலைகள் பெரிய கூத்து. எழுந்து அவருக்குச் சமைத்து, அவர் உடுப்பை இஸ்திரி போட்டு, இடையில் வீட்டுப்பாடத்தை முடித்து அவள் கிளம்புவதற்குள் அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரே வண்டியில் போனால் பையன்கள் என்ன நினைப்பார்களாம். அவள் பஸ்ஸில் வர வேண்டும். ஒரு புதன்கிழமை அவர் வெகுநேரம் குளியலறையை விட்டு வெளியே வரவே இல்லை. உள்ளிருந்து பாட்டுச் சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் அவள் அரைகுறையாக முகம் கழுவிக்கொண்டு ஓடி, பஸ்ஸிலிருந்து குதித்து, படியேறி வந்து சேர்ந்தபோது, ஸ்கூட்டரில் முந்திக்கொண்ட அவர் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவள் செய்துகொடுத்த காலை உணவின் எண்ணெய் இன்னும் அவர் மீசையில் இருந்தது.

"சார், இப்பத்தான் எட்டு அடிச்சுது" என்றான் பின்னால் நின்ற ஒரு பையன், அவளுக்காக.

"அடிச்சிடுச்சில்ல?" என்றார் காலண்டர். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவளைப் பார்க்கவில்லை, அவள் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். "அடுத்த வாரம்."

அடுத்த வாரமாவது ஒன்றாவது! அந்த மதிப்பெண் போனது போனதுதான். வீட்டுப்பாடத்துக்கான பங்கில் ஓட்டை விழுந்துவிட்டதால், தேர்வில் ஏறக்குறைய முழுசாக வாங்கினால்தான் தேறுவாள் என்று சின்ன மேடம் கணக்குப் பார்த்துச் சொன்னாள். அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பே இல்லை. அவர் ஏன் என்று கேட்டதற்கு, "எட்டு மணிக்கு மேல உப்பு போட மாட்டேன்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. மகளுக்குப் போன் செய்து சொன்னபோது, அவள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, நீ இதுல பாஸ் பண்ணலேன்னா பழி என் தலையிலதான் விழும். நான்தானே அன்னிக்குப் பார்த்துப் பொறந்தேன்?"

"நீ பொறந்ததுல தப்பில்லடி. உங்கப்பன் வாயைத் தொறக்காததுதான் தப்பு."

இப்படியே தேர்வுக் காலம் வந்தது. மற்ற துறைகள் செய்முறைத் தேர்வை இழுத்துக்கொண்டிருக்கும்போது தன்னுடையது மட்டும் முதலில் முடிந்துவிட வேண்டும், முதல்வர் கூட்டுகிற கூட்டத்தில் தான் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும் என்று காலண்டருக்கு ஆசை. ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு நாளாக நடந்துவந்த தேர்வை ஒரே காலையாகச் சுருக்கினார். சார்ட்டில் சிவப்புக் கட்டங்கள் அடுக்கி வைத்த செங்கல் மாதிரி நெருக்கமாக நின்றன. தள்ளி நின்று பார்த்துத் தானே ரசித்தார்.

மேசையைத் துடைக்கப் போன அவளும் பார்த்தாள். தேர்வில் அசெட்டனிலைடு என்கிற வெள்ளைப் பொருளைத் தயாரித்து, வெந்நீரில் கரைத்து ஆறவைத்துப் படிகமாக்கி, அது எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று சொல்ல வேண்டும். சுத்தமாக இருந்தால் நூற்றுப் பதினான்கு. ஆனால் தண்ணீரிலிருந்து எடுத்த படிகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே இளகிவிடும். அதற்காகத்தான் முன்பெல்லாம் தேர்வு இரண்டு நாள் நடந்தது.

"காயறதுக்கு எப்போங்க விட்டிருக்கீங்க?"

"எது காயறதுக்கு?"

"படிகம்."

காலண்டர் பேனாவை மூடிவிட்டு ஓவென்று சிரித்தார். "துணி காயப் போடற ஆளெல்லாம் எனக்கு கெமிஸ்ட்ரி சொல்லுது! ஓவன் எதுக்கு இருக்கு?"

ஆய்வகத்தில் ஓவன் இருந்தது, இல்லையென்று யார் சொன்னது? போன வருஷமே அதன் கம்பி எரிந்துபோய்விட்டது. சரிசெய்ய வருகிறவர் ஆய்வகம் ஒரு காலைப்பொழுது காலியாக இருக்க வேண்டும் என்றார். காலியான காலை அட்டவணையில் இல்லை. அதனால் அந்த ஓவனுக்குள் யாரோ சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் இதைச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு துணி காயப் போடுகிற ஆள் என்பது காதில் திரும்ப ஒலித்தது. பேசாமல் மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

அரியர் பிரிவுக்குத்தான் முதல் நாள் தேர்வு. வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளராக ஓர் அம்மாள் வந்திருந்தார். குள்ளமான உருவம், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருந்தார். யாரிடமும் சிரிக்கவில்லை. காலண்டர் அவருக்கு நாற்காலி போட்டு, குளிர்பானம் வரவழைத்து, சுவரில் இருந்த சார்ட்டைக் காட்டி வாயெல்லாம் பல்லாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் குளிர்பானத்தைத் தொடவில்லை.

அவள் தயாரித்த படிகம் நன்றாகவே வந்தது. மெல்லிய வெள்ளைத் தகடுகளாகப் பளபளத்தது. ஆனால் ஈரம். வடிதாளில் அழுத்தி அழுத்தி எடுத்தும் ஈரம் போகவில்லை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்துச் சூடாக்கினாள். எண்பத்தைந்தைத் தாண்டியதுமே சொதசொதவென்று இளகிவிட்டது. மறுபடி எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் அதே கதை.

சுற்றிலும் பார்த்தாள். எல்லோருக்கும் அப்படித்தான் இளகியிருந்தது. எல்லோரும் கூசாமல் நூற்றுப் பதினான்கு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பாடப் புத்தகத்தில் இருக்கிற எண்தானே, யாருக்குத் தெரியாது? பக்கத்து மேசைப் பையன் அவள் பக்கம் சாய்ந்தான்.

"அக்கா, எழுதிட்டுக் கிளம்புங்க. காலண்டர் இதையெல்லாம் பார்க்கவா போறாரு?"

அவளும் எழுதினாள். நூற்றுப் பதினான்கு. எழுதிவிட்டு அந்த எண்ணையே பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் பட்டம் இருந்தது, டீச்சர் வேலை இருந்தது, இனிமேல் யாருடைய குடுவையையும் கழுவத் தேவையில்லை. அவள் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. வீட்டில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள், இன்னமும் சொல்வாள். ஆனால் நிமிர்ந்தபோது, சுவரில் இருந்த சிவப்புக் கட்டங்களுக்கு முன்னால் காலண்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டது. மாமனார் வீட்டுச் சொத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு பெருமிதம் அந்த முகத்தில். இந்த ஆளின் அட்டவணையைக் காப்பாற்றுவதற்கு நான் பொய் எழுத வேண்டுமா? அவளுக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது. எண்ணைக் குறுக்கே அடித்தாள். அதன் கீழே எழுதினாள்: 'எண்பத்தைந்தில் இளகத் தொடங்கியது. படிகம் ஈரமாக உள்ளது. காய்ந்த பிறகே உருகுநிலை எடுக்க முடியும். காய்வதற்கு நேரம் கொடுக்கப்படவில்லை.' கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

தேர்வாளர் அம்மாள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நூற்றுப் பதினான்கு, நூற்றுப் பதினான்கு, நூற்றுப் பதினான்கு. அவளுடைய தாளில் நின்றார். இரண்டு முறை படித்தார். எழுந்து போய், மாணவர்கள் வைத்திருந்த படிகங்களில் மூன்றை எடுத்துத் தானே சூடாக்கிப் பார்த்தார். ஒன்றுகூட நூறைத் தொடவில்லை. ஓவனைத் திறந்தார். உள்ளே சாப்பாட்டு டப்பா இருந்தது.

"சார்" என்று கூப்பிட்டார். "இது எப்ப காயணும்னு நீங்க டைம்டேபிள்ல போட்டிருக்கீங்க?"

காலண்டர் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தார். "அது வந்து மேடம்... ஸ்டூடன்ட்ஸ் நல்லா அழுத்தித் தொடைச்சா..."

"அழுத்தித் தொடைச்சாவா? நீங்க கெமிஸ்ட்ரிதானே எடுக்கறீங்க?"

சின்ன மேடம் தரையைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள்.

"எல்லாரும் படிகத்தைப் பேர் எழுதி மூடி வெச்சிட்டுப் போங்க. பொய் எழுதினவங்களுக்கு அதுக்குண்டான மார்க் குறையும். காய்ஞ்சப்புறம் நான் வந்து எல்லா பேட்ச்சுக்கும் உருகுநிலை பார்க்கறேன்." அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சார்ட்டின் அருகே போனார். "நாள்தான் வேணும். ஒரு இடம் விடாம அடைச்சு வெச்சிருக்கீங்களே. இந்த சனிக்கிழமை மத்தியானம் மட்டும் ஏன் காலியா இருக்கு?"



"அது சார் தூங்கற நேரம் மேடம்" என்றாள் அவள்.

பின்வரிசையில் ஒரு பையன் புரையேறுகிற மாதிரி இருமினான். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. தேர்வாளர் அம்மாள் மட்டும் சிரிக்காமல் பேனாவை எடுத்து, அந்த வெள்ளைக் கட்டத்தில் 'உருகுநிலை' என்று எழுதினார். சார்ட்டில் வேறொருவர் கையெழுத்து விழுந்தது அதுதான் முதல்முறை.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட களைப்போடு காலண்டர் ஆய்வக வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை தொங்கித் தொங்கி விழுந்தது. பள்ளியின் சாமான் அறை வேலையை அன்று பாதியில் விட்டுவிட்டுப் போகும்படி தலைமையாசிரியையே அவளை அனுப்பியிருந்தார். காய்ந்த படிகம் அவளுடைய குழாயில் நூற்றுப் பதின்மூன்று தாண்டியும் அசையாமல் நின்று, அடுத்த கணம் கண்ணாடியாக உருகியது. அம்மாள் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொன்னார்.

தேறிவிட்டாள். நல்ல மதிப்பெண்ணே கிடைத்தது. முடிவு வந்த அன்று, அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் கூடத்தில் யாரிடமோ போனில் பேசுவது காதில் விழுந்தது.

"பின்னே? நம்ம வீட்டு அம்மாவாச்சே, விட்டுட முடியுமா? அவங்களுக்காகத்தான் சனிக்கிழமையே வெச்சேன். என் தூக்கத்தையே விட்டேன்னா பாருங்க!"

அவள் குழாயை மூடினாள். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. இந்த மனிதர்மேல் கோபப்படுவதுகூட அதிகப்படி என்று தோன்றியது. கழுவின தட்டைத் துடைக்காமல் எடுத்தாள். சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். மேசையில் அடுத்த செமஸ்டரின் புதுச் சார்ட் விரிந்து கிடந்தது. அதன் நட்டநடுவில் தட்டை வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாப்பிட ஆரம்பித்தாள். தட்டின் அடியிலிருந்த தண்ணீர் பரவிப் பச்சையும் சிவப்பும் ஊதாவும் ஒன்றாகக் கலந்து ஓடின.

காலண்டர் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். "ஐயையோ! என்ன பண்றே? அது அடுத்த செமஸ்டருடி! எல்லாம் நனைஞ்சு போச்சு!"

அவள் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"காயட்டும்" என்றாள். "சனிக்கிழமைக்குள்ள காய்ஞ்சிடும்."

அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.